கொல்லைப்புறத்து இளவேனில்

பெரும்பொழுது ஆறு என்பதையும், அவற்றுள் சித்திரையும் வைகாசியும் இளவேனிலுக்கு உரியன என்பதையும் நம் மாணவர்கள் நன்கு அறிவர். தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு இவ்வினா வந்தால் தவறவிடுபவர் அரியர். ஆனால் அதே மாணவரிடம், "சித்திரையில் உங்கள் வீட்டுக் கொல்லையில் எது காய்க்கும், எது கருகும்?" என்று வினவிப் பாருங்கள். விடை வாராது. பருவத்தை மனப்பாடமாகக் கற்பித்த நாம், அப்பருவத்தில் மண் என்ன செய்கிறது என்பதைக் கற்பிக்கவில்லை. பாடத்திட்டம் அதனைக் கேட்கவுமில்லை.

இதில் வேறொரு மயக்கமும் கலந்திருக்கிறது. ஆங்கிலப் பாடநூல் வழியாக நம் பிள்ளைகள் அறியும் வசந்தம், பனி உருகி, மண் நெகிழ்ந்து, விதை தூவப்படும் காலம். அது குளிர்நாட்டார்க்கு உண்மை. நம் நாட்டில் அப்பெயருக்கு நேராக வைக்கப்படும் பருவத்தின் பெயரிலேயே வேனில் நிற்கிறது. வேனில் என்றால் வெப்பம். கத்திரி வெயில் எனப்படும் அக்கினி நட்சத்திரம் மே மாதம் 4ஆம் நாளையொட்டித் தொடங்கி மாத இறுதிவரை நிற்பது முழுவதும் இவ்விளவேனிலுக்குள்தான். காஞ்சியில் வெயில் 40 பாகை செல்சியசைத் தொடுவதும் தாண்டுவதும் இந்நாட்களிலேயே. ஆகவே நம் ஊர்த் தோட்டத்திற்கு இளவேனில் விதைப்புக் காலமன்று. விதைத்ததைக் காக்கும் காலம். இவ்வேறுபாட்டை அறியாமல், ஏப்ரல் விடுமுறை பிறந்ததும் உற்சாகத்தோடு விதைப் பொட்டலம் வாங்கித் தூவி, வைகாசியில் வெறும் குச்சிகளைப் பார்த்து, "நமக்குத் தோட்டம் வராது" என்று முடிவு கட்டிய இல்லங்கள் பல.

பிள்ளையார்பாளையத்தில் நாம் பல்லாண்டுகளாக அறிந்த ஒரு நெசவுக் குடும்பம் உண்டு. தெருவை நோக்கித் திண்ணை, அடுத்துத் தறி நிற்கும் கூடம், அதனையடுத்துச் சமையற்கட்டு, பின்னே கிணறும் கொல்லையும் என்று நீண்டு செல்லும் பழைய அமைப்புடைய வீடு. கொல்லையில் பயிருக்கென எஞ்சியிருப்பது 11 அடி அகலமும் 10 அடி நீளமும் உடைய மண். கணக்கிட்டால் ஏறத்தாழக் கால் சென்ட். அவ்வளவே. அதற்குள் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, துவைகல்லின் நீர் ஓடும் வாய்க்காலோரத்தில் சேம்பும் வாழையும், நடுவில் இரண்டு பாத்திகள், சுவரையொட்டி ஒரு சிறு பந்தல். அக்குடும்பத்து மூதாட்டிதான் இத்தோட்டத்திற்கு அதிகாரி. மகனும் மருமகளும் தறியில் இருப்பர். அவர் மண்ணில் இருப்பார்.

"தைக்குள்ள போட்டுடணும் தம்பி. அப்பத்தான் வெயிலுக்கு முன்ன வேரு கீழ போவும். சித்திரையில போட்டா, செடி நம்ம மூஞ்சியப் பார்த்துக்கிட்டு நிக்கும்" என்று அவர் சொல்வதுண்டு. தைப்பட்டம் என்று வேளாண்நூல்கள் கூறுவதன் சாரம் இதுவே. தையில் கத்தரி நாற்றுவிட்டு, ஒரு திங்கள் சென்றபின் மாசியில் பிடுங்கி நடுகிறார். வெண்டையையும் கொத்தவரையையும் நேரே ஊன்றுகிறார். பீர்க்கும் பாகலும் பந்தலடியில் இறங்குகின்றன. ஊன்றிய வெண்டை 45 நாளில் பறிப்புக்கு வரும். ஏகாம்பரநாதர் கோயில் பங்குனி உத்திரத்திற்குத் தெருவெல்லாம் கூட்டம் நிறையும் நாட்களில் அவ்வீட்டுக் குழம்பில் கொல்லை வெண்டைக்காய் மிதக்கும். சிறுகீரையும் அரைக்கீரையும் 25 நாளில் வந்துவிடுவதால், பாத்தியின் ஓரங்களில் வாரம் ஒரு கைப்பிடி விதை தூவிக்கொண்டே இருப்பார். ஒரே நாளில் எல்லாவற்றையும் தூவி, ஒரே வாரத்தில் தின்று தீர்த்து, பின்பு இரண்டு திங்கள் கடைக்கு ஓடும் அவசரம் அவரிடம் இல்லை.

சித்திரை பிறந்ததும் தோட்டத்தின் முகம் மாறுகிறது. முருங்கை காய்த்துத் தொங்கும். அதற்கு வெயில் உறவு. கொத்தவரை வாடாமல் நிற்கும். தக்காளியோ பூத்தும் பிஞ்சு பிடியாது. இரவின் வெப்பமே அதனைக் கெடுத்துவிடும். பந்தலில் பீர்க்கும் பாகலும் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும். ஆனால் எண்ணிப் பார்த்தால் பெரும்பாலானவை ஆண்பூக்கள். பகல் நீண்டு வெப்பம் மிகும்போது வெள்ளரிக் குடும்பத்துக் கொடிகளில் பெண்பூ அருகுவது இயல்பு. இதனை அறியாதவர் உரம் போதவில்லை என்று மேன்மேலும் உரமிடுவர். வெண்டை இலைகளின் நரம்புகள் மஞ்சளாகித் தேமல் படரும். வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய் அது. மருந்தடித்து மீட்க இயலாது. அத்தகைய செடியை மூதாட்டி தயங்காமல் பிடுங்கி எறிந்துவிடுவார். மிளகாயின் இலை சுருண்டால் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிப்பார். அவரையை மட்டும் இப்பருவத்தில் அவர் தொடுவதே இல்லை. நம் நாட்டு அவரை பகற்பொழுது குறுகினால்தான் பூக்கும். அதற்குரிய காலம் ஆடியில் ஊன்றிக் கார்த்திகையில் பறிப்பது. எதை எப்போது செய்யலாகாது என்று தெரிந்திருத்தலும் அறிவின் பகுதியே என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குக் கிடைத்ததில்லை.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் இளவேனில் தோட்டம் வாழ்வதும் மாள்வதும் அதனாலேயே. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரத்திற்கு நீர் ஆவியானால் அது ஒரு லிட்டர். சித்திரை வெயிலில் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் போகிறதென வைத்துக்கொண்டால், கால் சென்ட் நிலத்திற்கு, அதாவது 10 சதுர மீட்டருக்கு, 60 லிட்டர் வேண்டும். 15 லிட்டர் கொள்ளும் குடத்தில் நான்கு குடம். குடிநீருக்கே வரிசையில் நிற்கும் வீட்டில் நான்கு குடம் நீரைச் செடிக்கு ஊற்றச் சொல்வது எளிதன்று. ஆனால் அவ்வீட்டில் செடிக்கென்று யாரும் தனியே நீர் இறைப்பதில்லை என்பதே நோக்கத்தக்கது. அரிசி களைந்த கழுநீர், காய் கழுவிய நீர், பாவுக்குக் கஞ்சி போட்ட பாத்திரம் அலம்பிய நீர் ஆகிய இவையே பாத்திகளைச் சேர்கின்றன. சோப்பு கலந்த நீர் கீரைக்குப் போகாது; வாழைக்கும் சேம்புக்கும் போகும். பாத்தியின் மீது காய்ந்த தென்னை ஓலையும் சருகும் மூடாக்காகக் கிடக்கும். கத்தரிச் செடிகளின் நடுவே கழுத்துவரை மண்ணில் புதைத்த ஒரு பழைய மண்பானை இருக்கிறது. அதில் காலையில் நீர் நிரப்பி ஓட்டினால் மூடிவைக்கிறார். பானையின் நுண்துளை வழியே நீர் கசிந்து வேரைத் தேடிச் செல்கிறது. வெயில் குடிப்பதற்கு முன் வேர் குடித்துவிடுகிறது. நகரங்களில் இன்று சொட்டுநீர்க் கருவிகளை விலை கொடுத்து வாங்குகின்றனர், வாங்கட்டும். இப்பானைக்கு விலை ஏதும் இல்லை. நீர் சிந்திய குயவர் பானையே போதும்.

இக்கொல்லைக்கும் தறிக்கும் உள்ள தொடர்பையும் குறிப்பிடாமல் இருக்க இயலாது. வறண்ட காற்றில் பட்டிழை முறியும் என்று நெசவாளர் கூறுவர். அதனால் வேனிலில் தறிக்கூடத்துத் தரையில் நீர் தெளிப்பதும், வெயில் வரும் பக்கத்தைப் பாயால் மறைப்பதும் வழக்கம். பின்கட்டில் மரமும் ஈர மண்ணும் இருக்கும் வீட்டில் கூடத்திற்கு வரும் காற்று, சிமெண்டுத் தளத்தில் பட்டு வரும் காற்றைப் போன்றதன்று. நண்பகலில் இரு வீடுகளிலும் மாறி மாறி அமர்ந்து பார்த்தவர்க்கு இதற்குச் சான்று தேவையில்லை.

காஞ்சிக்குத் தோட்டம் புதிதுமன்று. கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 500 அடிப் பெரும்பாணாற்றுப்படையை நாம் வகுப்பில் நடத்துகிறோம். பாணன் கச்சிக்குச் செல்லும் வழியில் தங்கும் மனைகளுள் தண்டலை உழவரின் மனையும் ஒன்று. தென்னை மடல் வேய்ந்த வீடு, மஞ்சள் விளையும் முன்றில், மணம் கமழும் படப்பை. அங்கே பலாவும் இளநீரும் வாழையும் நுங்கும் உண்டு, இனிப்பு திகட்டினால் சேம்பின் கிழங்கைத் தின்னலாம் என்கிறார் புலவர். படப்பை என்னும் சொல்லுக்குக் கொல்லைத் தோட்டம் என்று பொருள் எழுதிவிட்டு அடுத்த அடிக்குச் சென்றுவிடுகிறோம். துவைகல் வாய்க்காலோரத்தில் சேம்பு நிற்கும் வீடு நம் கல்லூரிப் பேருந்து செல்லும் வழியில் இருக்கிறது என்று சொல்லுவதற்கு ஒரு நிமிடமே ஆகும். அந்த ஒரு நிமிடத்தால் செய்யுள் மாணவனின் தெருவுக்கு வந்துவிடும்.

நம் சமூகத்து இல்லங்களிலும் இவ்வழக்கு இருந்தது. மருதாணி இல்லாத கொல்லை முன்பு அரிது. 2024, 2025ஆம் ஆண்டுகளில் நோன்பு மாசி, பங்குனி மாதங்களில் வந்தது; கஞ்சிக்கு வேண்டிய புதினாவும் கொத்தமல்லியும் வெயில் முற்றுமுன் தழைத்திருக்கும் காலம் அது. ஒரு புதினாத் தண்டை நிழலில் ஊன்றி வைத்திருந்தால் நோன்பு முழுவதற்கும் போதும். ஆயினும் பெரும்பாலோர் கடைக்கட்டையே நாடினர். பெரியோர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டுகிறோம்.

இங்கே எழும் மறுப்பை நாம் அறியாதவரல்லர். "கீரைக்கட்டு கடையில் எளிதாகக் கிடைக்கிறது, இதற்காக ஒரு மனுஷி நாள்தோறும் முதுகு வளைக்கவேண்டுமா?" என்பர். வினா நியாயமானதே. தோட்டம் வீட்டுக்கே உணவளிக்கும் என்று மிகைப்படுத்துவோரோடு நமக்கு உடன்பாடில்லை. ஒருவர் நாள்தோறும் காய்கனி 400 கிராம் உண்ணவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஐவர் உள்ள வீட்டிற்கு அது 2 கிலோ. கால் சென்ட் நிலம் இதனை ஒருநாளும் தாராது. அது தருவது வேறு: நாள்தோறும் ஒரு கைப்பிடிக் கீரை, முருங்கையிலை, நான்கு கத்தரிக்காய். தமிழகத்துப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் குருதிச்சோகை உடையவர்கள் என்று 2019-21ஆம் ஆண்டுக்குரிய தேசியக் குடும்பநல ஆய்வு தெரிவித்திருக்கிறது. காசு குறையும் வாரத்தில் வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது கீரையும் காயும். அவற்றைத் தன் தட்டிலிருந்து முதலில் குறைத்துக்கொள்பவள் தாய். கொல்லையில் இருக்கும் கீரைக்குக் காசு தேவையில்லை என்பதால், அது அந்த வாரத்திலும் அவள் தட்டுக்கு வரும். இதுவே நம் வாதத்தின் மையம்.

முதுகு வளைவது பற்றி: அவ்வுழைப்பு மூதாட்டி ஒருவருக்கே உரியது என்று யார் விதித்தார்? குடம் தூக்க அவ்வீட்டில் கல்லூரி மாணவன் ஒருவன் இருக்கிறான். பெண்களின் உழைப்பைப் புகழ்ந்து கவிதை எழுதும் நம் மாணவர்கள், காலையில் இரண்டு குடம் கழுநீரை எடுத்து ஊற்றினால் அக்கவிதைக்கு எடை கூடும்.

2020ஆம் ஆண்டின் இளவேனிலை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மார்ச் 25இல், பங்குனியில், நாடு முடங்கியது. பட்டும் சரிகையும் வாராமல் தறிகள் ஓய்ந்தன. மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேட்டுச் சந்தையும் மூடப்பட்டது. கூலியும் இல்லை, காயும் இல்லை என்றிருந்த அத்திங்கள்களில் முருங்கை நின்ற வீடுகள் அண்டை வீடுகளுக்கும் கீரை ஈந்தன. ஆனால் அப்போது புதிதாகத் தோட்டம் போட முனைந்தவர்கள் அக்கினி வெயிலில் விதை தூவி ஏமாந்தனர். கடல் கடந்தும் இதே பாடம். இலங்கையில் 2022ஆம் ஆண்டு உணவுத் தட்டுப்பாடு நெருக்கியபோது, அரசு ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் விடுப்பு அளித்தது அந்நாட்டு அரசு. நோக்கம் குறைகூறத்தக்கதன்று. ஆயினும் மண்ணும் விதையும் பழக்கமும் முன்பே இருந்த வளவுகளுக்குத்தான் அவ்வெள்ளிக்கிழமை பயன்பட்டிருக்கும். வளவு என்பது யாழ்ப்பாணத்தார் வீடும் தோட்டமும் சேர்ந்த மனையைக் குறிக்கும் சொல். நாம் இழந்துவிட்ட நல்ல சொற்களுள் அதுவும் ஒன்று. பஞ்சம் வந்தபின் தோண்டும் கொல்லை அப்பஞ்சத்திற்கு உதவாது.

பிள்ளையார்பாளையத்தில் இன்று தோண்டுவதற்கே மண் குறைந்து வருகிறது. பாகப்பிரிவினையில் நீண்ட வீடு இரண்டாகிறது. கொல்லையில் ஓர் அறை எழுகிறது. அது வாடகைக்குப் போகிறது. மிஞ்சிய இடத்திற்குச் சேறு ஆகாது என்று சிமெண்டு பூசப்படுகிறது. வாடகை வேண்டும் குடும்பத்தைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை; நெசவுக்கூலியின் நிலை நாம் அறிந்ததே. ஆனால் அறை கட்டியபின் எஞ்சும் இடத்தையும் பூசி மெழுகுவது தேவையா என்பதே நம் வினா. மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழக அரசு 2003ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. வீட்டின் முன்னே குழாய் இறக்கிக் காட்டிவிட்டு, பின்னே கொல்லையை முழுக்கப் பூசிவிடுகிறோம். ஐப்பசி மழை அக்கொல்லையில் இறங்க வழியின்றித் தெருவுக்கு ஓடுகிறது; சித்திரையில் கிணறு வறள்கிறது. காஞ்சி 2021இல் மாநகராட்சி ஆகியிருக்கிறது. கட்டட வரைபடத்திற்கு ஒப்புதல் தரும்போது வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள், பின்கட்டில் கால் சென்ட் மண் இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். பெரிய சலுகையும் வேண்டாம். அந்த மண்ணை விட்டுவைத்தவர்க்கு வீட்டுவரியில் சிறு கழிவு அளித்தாலே பலர் விட்டுவைப்பர்.

ஓர் எச்சரிக்கையும் இதனோடு சேர்த்தே சொல்லத்தக்கது. நீர் கிடைக்கவில்லை என்பதற்காகச் சாயப்பட்டறை நீரையோ, கழிவு கலந்து ஓடும் மஞ்சள் நீர்க் கால்வாயின் நீரையோ கீரைக்குப் பாய்ச்சுதல் கூடாது. கீரை தான் குடித்ததை நமக்கே திருப்பித் தரும். சாயம் தோய்க்கும் இடத்திற்கு அண்மையில் கிணறு உடையவர்கள் நீரை ஆய்வு செய்து பார்த்தபின் பாத்தி கட்டுவதே அறிவுடைமை. இல்லையெனில் மழைநீரையும் கழுநீரையும் கொண்டு தொட்டிகளில் வளர்க்கலாம்.

வைகாசியில், வரதர் கருடசேவைக்குக் கூட்டம் கூடும் நாட்களில், அம்மூதாட்டி காய்பறிப்பை நிறுத்திவிடுகிறார். நல்ல செடியில் நல்ல காய்களாக நான்கைந்தை முற்றவிடுகிறார். கத்தரிப் பழத்தைப் பிசைந்து கழுவி, விதையைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்துகிறார். வெண்டை நெற்று செடியிலேயே காய்கிறது. கடையில் வாங்கும் வீரிய ஒட்டுவிதை முதல் ஆண்டு நன்கு காய்க்கும்; அதன் விதையை எடுத்து ஊன்றினால் தாயைப் போலப் பிள்ளை இராது. ஆதலால் ஒட்டுவிதையை நம்பிய வீடு ஆண்டுதோறும் கடையை நம்பவேண்டும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பி.கே.எம்.1 செடிமுருங்கை விதையால் ஓராண்டிற்குள் காய்ப்பது. அதனையும் அவர் ஒருமுறை வைத்துப் பார்த்தார். இப்போது நிற்பது பழைய மரமுருங்கையின் போத்தில் கிளைத்தது. இரண்டில் எது சிறந்தது என்று கேட்டதற்கு, "அது சீக்கிரம் காய்க்குது, இது ரொம்ப நாள் இருக்குது" என்றார்.

வரும் கோடை விடுமுறைக்கு நம் துறை இளங்கலை இரண்டாமாண்டு மாணவர்க்கு ஒரு பணி தர எண்ணியிருக்கிறோம். ஒவ்வொருவரும் தம் தெருவில் மண் எஞ்சியுள்ள ஒரு கொல்லையைத் தேர்ந்து, சித்திரை முதல் நாள் தொடங்கி வைகாசி இறுதிவரை வாரம் ஒருமுறை சென்று, எது பூத்தது, எது காய்ந்தது, எத்தனை குடம் நீர் போனது, வீட்டார் எந்தெந்தச் சொற்களால் அவற்றைக் குறித்தனர் என்று எழுதிவரவேண்டும். பாத்தி, வரப்பு, போத்து, நெற்று, பிஞ்சு, மூடாக்கு முதலிய சொற்கள் அகராதியிலிருந்து எடுத்தெழுதப்படலாகா. வாயிலிருந்து கேட்டு எழுதப்படவேண்டும். கொல்லையே இல்லாத தெரு எனில், எந்த ஆண்டுவரை இருந்தது என்று முதியோரைக் கேட்டு எழுதினாலும் ஏற்றுக்கொள்ளப்படும். ஏடுகள் ஆனி மாதம் கல்லூரி திறக்கும் நாளில் வந்துசேரவேண்டும். அடுத்த திங்கள் ஆடி, அவரை ஊன்றும் காலம்.